காற்றறைக் காவலர்

மனிதன் ஒரு நாளைக்கு 21,600 தடவை சுவாசிக்கிறான் என்று நம் பெரியவர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். சிதம்பரத்துப் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் வேய்ந்திருப்பதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான் என்று சொல்வது வழக்கம். கூரைமேல் ஏறி ஓடுகளை எண்ணிப் பார்க்க நமக்குத் துணிவும் இல்லை, ஏணியும் இல்லை. ஆனால் மூச்சைச் சரிபார்ப்பதற்கு ஏணி வேண்டியதில்லை. கடியாரம் ஒன்றிருந்தால் போதும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 15 மூச்சு. மணிக்கு 900. இருபத்து நான்கு மணிக்கு 21,600. கணக்கு நயா பைசா பிசகவில்லை!

ஒவ்வொரு மூச்சிலும் சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஆகவே ஒரு நாளில் நாம் பத்தாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட காற்றை உள்ளே வாங்கி வெளியே விடுகிறோம். குடிக்கிற தண்ணீரையாவது வடிகட்டுகிறோம், காய்ச்சுகிறோம். காற்றை யார் காய்ச்சுகிறார்கள்? தெருப் புழுதி, அடுப்புப் புகை, பஞ்சுத் தூள், பூந்தாது, பூஞ்சக்காளானின் விதை, அடுத்த வீட்டுக்காரர் இருமி அனுப்பி வைத்த கிருமி, எல்லாம் அந்தப் பத்தாயிரம் லிட்டரில் அடக்கம்.

இவற்றில் பெரிய துகள்கள் மூக்கின் மயிரிலும் சளியிலும் சிக்கிக்கொள்ளும். அதைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் சென்றவற்றை அங்கே வரிசையாக நிற்கும் நுண்ணிய ரோமங்கள், பெருக்குமாற்றால் தள்ளுவது போல், தொண்டையை நோக்கித் தள்ளிவிடுகின்றன. ஆனால் மிகமிகப் பொடியான துகள்கள் இந்தக் காவலையெல்லாம் ஏமாற்றிவிட்டுக் கடைசி வரையில் போய்ச் சேருகின்றன.

கடைசி என்பது எது? மூச்சுக்குழாய் கிளைவிட்டுக் கிளைவிட்டு மெலிந்து முடிகிற இடத்தில், திராட்சைக் கொத்தைப் போல், சிறிய காற்றறைகள் இருக்கின்றன. ஒரு மனிதனுடைய இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்துச் சராசரியாக 48 கோடி அறைகள் இருப்பதாக 2004-ஆம் ஆண்டில் செய்த எண்ணிக்கை சொல்லுகிறது. இவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டருக்குக் குறையாது. தாராளமாக ஒரு கல்யாணப் பந்தலை மூடலாம். இந்தச் சுவரின் கனமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு இந்தப் பக்கம் காற்று. அந்தப் பக்கம் இரத்தம். பிராண வாயு இரத்தத்திற்குள் போவதும் கரிவாயு வெளியே வருவதும் இந்த மெல்லிய சுவரின் வழியாகத்தான். இங்கே பெருக்கித் தள்ளும் ரோமங்கள் கிடையா. இருந்தால் வாயுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல்.

அப்படியானால் இங்கே வந்து விழுகிற குப்பையை அகற்றுவது யார் என்று கேட்டால், அதற்கென்றே சில அணுக்கள் குடியிருக்கின்றன. மேனாட்டு வைத்தியர்கள் அவற்றை மாக்ரோபேஜ் என்கிறார்கள். கிரேக்க பாஷையில் அதற்குப் 'பெரிய தீனிக்காரன்' என்று பொருள். நம் வீடுகளில் சாப்பாட்டு ராமன் என்று சொல்வோமே, அதே பட்டந்தான். நாம் மரியாதையாகப் பெருந்தீனி அணு என்று சொல்லுவோம்.

இந்த இனத்தைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1882-ஆம் ஆண்டின் கடைசியில் மெட்ச்னிகாப் என்னும் ருஷ்ய அறிஞர் ஸிஸிலித் தீவில் மெஸ்ஸினா நகரில் குடும்பத்துடன் தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டிலுள்ளோர் எல்லோரும் வித்தை பழகிய குரங்குகளைப் பார்க்க ஸர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பூதக்கண்ணாடியின் முன் உட்கார்ந்து, கண்ணாடி போன்ற உடலுள்ள நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடலுக்குள் நடமாடும் அணுக்கள், வெளியிலிருந்து வரும் பகையை எதிர்க்கத்தான் இருக்கின்றனவோ என்று திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. உடனே தோட்டத்துக்குப் போய் ரோஜா முட்களைப் பறித்து வந்து குஞ்சுகளின் உடம்பில் குத்தி வைத்தார். இரவு முழுவதும் தூக்கமில்லை. பொழுது விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன! 1908-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அன்று அவரும் ஸர்க்கஸுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டியதாயிருக்கிறது.

நுரையீரலின் பெருந்தீனி அணு மற்ற இடங்களில் உள்ள தன் உறவினர்களைவிட ஒரு விதத்தில் வேறுபட்டது. அது சத்தம் போடாமல் சாப்பிடும். விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது; உதவிக்கு இரத்தத்திலிருந்து ஆட்களை அழைத்ததன் அறிகுறி அது. விரல் வீங்கினால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம். காற்றறையின் சுவர் வீங்கினால் மூச்சல்லவா நின்றுவிடும்? ஆகையால் ஒவ்வொரு தூசிக்கும் ஊரைக் கூட்டாமல், கண்டதைத் தானே விழுங்கிவிட்டுப் பேசாமல் இருப்பதே இதன் சுபாவம். மேலும் அறைக்கு ஓர் ஆள் என்று காவல் போட்டிருப்பதாகவும் எண்ண வேண்டாம். சுண்டெலிகளில் பார்த்தபோது அறைகளைவிடக் காவலர் குறைவு என்றும், அவை சுவரிலுள்ள துவாரங்களின் வழியாக அறைக்கு அறை ஊர்ந்து செல்லுகின்றன என்றும் 2020-ல் கனடா தேசத்தார் கண்டார்கள்.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. காற்றறைகளின் உட்புறத்தில் கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு வழவழப்பான பசை மெல்லியதாகப் பூசியிருக்கிறது. இந்தப் பூச்சு இல்லாவிட்டால் ஈரமான சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறைகள் சுருங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பலவற்றுக்கு மூச்சுத் திணறுவது இந்தப் பசை போதாமையால்தான் என்று 1959-ல் தெரியவந்தது. பசை நாள்தோறும் புதிதாய் ஊறிக்கொண்டே இருக்கிறது. பழையதை அகற்றுவது யார் பொறுப்பு? ஒரு பகுதியைச் சுவரே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தை நம்முடைய சாப்பாட்டு ராமன்தான் தின்று தீர்க்க வேண்டும்.

இவ்வளவு வேலை செய்கிற அணு சிரஞ்சீவியாக இருக்க முடியுமா? சாகத்தான் செய்கிறது. ஆனாலும் ஆரோக்கியமான நுரையீரலில் இவற்றின் தொகை பெரிதாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. செத்தவனுடைய இடத்துக்குப் புதியவன் எங்கிருந்து வருகிறான்? கேள்வி சின்னதாகத்தான் இருக்கிறது. இதற்குச் சரியான விடை கிடைக்க ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆயிற்று; அதுவும் முற்றிலும் கிடைத்துவிட்டதாகச் சொல்லுவதற்கில்லை.

முதலில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த விடை, டச்சு தேசத்து லெய்டன் நகரத்து வான் பர்த் என்பவரும் அவருடைய தோழர்களும் 1972-ல் வெளியிட்டது. எலும்பு மஜ்ஜைதான் தலைமைச் செயலகம். அங்கே உற்பத்தியாகும் ஒருவகை வெள்ளை அணு இரத்தத்தில் பிரயாணம் செய்து, தோல், ஈரல், நுரையீரல் என்று அந்தந்த ஊரில் இறங்கி, அங்கே பெருந்தீனி அணுவாக உத்தியோகம் ஏற்கிறது. தானாகப் பெருகும் சக்தி அதற்கு ஏறக்குறைய இல்லை. காலி ஏற்பட்டால் மறுபடியும் மஜ்ஜையிலிருந்தே ஆள் வர வேண்டும். இதுதான் அவர்களுடைய ஏற்பாடு. தெளிவான ஏற்பாடு. பாடப் புத்தகங்களில் படம் போட்டுக் காட்டுவதற்கும் சௌகரியம்.

1976-ல் இதற்குப் பலமான சாட்சி ஒன்றும் கிடைத்தது. அமெரிக்காவில் டாக்டர் டானல் தாமஸ் என்பவர் இரத்தப் புற்றுநோய் போன்ற கொடிய வியாதிக்காரர்களுக்கு இன்னொருவருடைய மஜ்ஜையைச் செலுத்திப் பிழைக்க வைக்கும் முறையை வகுத்தவர். பிற்பாடு 1990-ல் நோபெல் பரிசும் பெற்றார். ஆணின் மஜ்ஜையைப் பெண்ணுக்கோ, பெண்ணின் மஜ்ஜையை ஆணுக்கோ கொடுத்திருந்தால், ஒவ்வொரு அணுவையும் பார்த்து, இது யாருடையது என்று சொல்லிவிடலாம். அப்படி மஜ்ஜை பெற்றவர்களின் நுரையீரலைக் கழுவிப் பார்த்தபோது, சில மாதங்களுக்குள் அங்கிருந்த பெருந்தீனி அணுக்கள் தானம் கொடுத்தவருடையனவாக மாறியிருந்தன. மஜ்ஜையிலிருந்துதான் வருகின்றன என்பதற்கு இதைவிட வேறு என்ன ருசு வேண்டும்?

ருசுவில் குற்றமில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். புது மஜ்ஜையைச் செலுத்துவதற்கு முன் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிப்பதற்காக அவருடைய உடல் முழுவதிலும் கதிர்களைப் பாய்ச்சுவார்கள். அந்தக் கதிர் எலும்போடு நின்றுவிடுமா? நுரையீரலில் காலங்காலமாகக் குடியிருந்தவர்களும் அதில் அடிபட்டுப் போகிறார்கள். ஊரைக் காலி செய்துவிட்டு, யார் வந்து குடியேறுகிறார்கள் என்று பார்த்தால், வெளியூரார்தான் வந்து குடியேறுவார்கள். சாதாரணக் காலத்தில் அந்த ஊர் எப்படிப் பிழைத்து வந்தது என்பது அதனால் தெரியாது.

இந்தச் சந்தேகம் 1980-களிலேயே சிலருக்கு ஏற்பட்டது. சுண்டெலிகளில் சோதித்து, உள்ளூரிலேயே பெருக்கம் நடப்பதாகவும் எழுதினார்கள். பாடப் புத்தகத்துக்கு விரோதமாகப் பேசுகிறவர்களுக்கு எப்போதும் நேர்வதே அவர்களுக்கும் நேர்ந்தது. யாரும் அதிகமாகக் காது கொடுக்கவில்லை.

2013-ஆம் ஆண்டில்தான் காற்று திசை மாறியது. நியூயார்க்கில் ஒரு கூட்டத்தார் இரண்டு சுண்டெலிகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தோலைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கேட்கக் கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கிறது. நமக்கும் இதை எழுதும்போது மனம் கூசாமல் இல்லை. சில தினங்களில் இரண்டின் இரத்தமும் கலந்து ஓடத் தொடங்கும். ஒன்றின் அணுக்களுக்கு மட்டும் அடையாளம் வைத்திருந்தால், அவை மற்றதன் உடலில் எங்கெங்கே போய்த் தங்குகின்றன என்று பார்க்கலாம். கதிர் வீச்சு இல்லை. ஊரைக் காலி செய்யவில்லை. மாதக்கணக்கில் ஒட்டியிருந்த பின் பார்த்தார்கள். இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் தாராளமாகக் கலந்திருந்தன. காற்றறைகளிலோ கூட்டாளியின் அணுக்கள் மிகச் சொற்பம். பழங்குடிகளே அப்படியே இருந்தார்கள்!

அதோடு அவர்கள் நிற்கவில்லை. காற்றறைகளிலுள்ள பெருந்தீனி அணுக்களில் பெரும்பகுதியை அழித்தும் பார்த்தார்கள். மிச்சமிருந்தவை இரண்டாகவும் நான்காகவும் பிளந்து, குறைந்த இடத்தைத் தாங்களே நிரப்பின. பிள்ளை பெறுவதற்கென்று தனிப்பட்ட ஒரு சாதி அவற்றில் இருப்பதாகத் தெரியவில்லை. எது வேண்டுமானாலும் சமயம் வந்தபோது பெருகும்.

அதே வருஷத்தில் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தார் இந்தப் பழங்குடிகளின் ஜாதகத்தையும் கண்டுபிடித்தார்கள். குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே, பிரசவத்துக்குச் சற்று முன்பாக, கருவிலுள்ள சில வெள்ளை அணுக்கள் நுரையீரலில் போய்க் காத்திருக்கின்றன. அப்போது நுரையீரலில் காற்றே இல்லை, நீர்தான் நிரம்பியிருக்கிறது. குட்டி பிறந்து முதல் மூச்சை இழுக்கிறது. அதன்பின் ஒரே வாரத்தில் அந்த அணுக்கள் முழு வளர்ச்சியடைந்த பெருந்தீனி அணுக்களாக மாறிவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்தச் சுண்டெலி ஆரோக்கியமாக இருக்கும் மட்டும், அந்த முதல் வாரத்துக் குடிகளின் சந்ததியே காற்றறைகளில் காவல் இருந்து வருகிறது.

முழு வளர்ச்சியடைந்து உத்தியோகம் பார்க்கும் அணு, உத்தியோகத்தை விடாமலே எப்படிச் சந்ததி விருத்தி செய்ய முடியும்? சாதாரணமாக முதிர்ந்த அணுக்கள் பெருகுவதில்லை என்பதல்லவா சாஸ்திரம்? பிரான்ஸில் மார்ஸேல்ஸ் நகரத்தார் இதற்கும் விடை தேடினார்கள். பெருக்கத்தை அடக்கி வைக்கும் இரண்டு பூட்டுகள் இத்தகைய அணுக்களில் உண்டு என்றும், அவற்றை நீக்கிவிட்டால் முதிர்ந்த அணுவும் பெருகும் என்றும் 2009-ல் காட்டினார்கள். நுரையீரலின் அணுக்களில் அந்தப் பூட்டுகள் இயற்கையாகவே தளர்ந்திருக்கின்றன என்று 2016-ல் சொன்னார்கள். பூட்டுத் தளர்ந்திருந்தும் அவை வரம்பு மீறிப் பெருகிப் புற்றாக மாறுவதில்லை. ஏனெனில் பெருகுவதற்கு உத்தரவு வேறிடத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது.

அந்த உத்தரவு காற்றறையின் சுவரிலிருந்து வருகிறது. இந்த விஷயம் வெளியான கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் டாக்டர் டானல்ட் மெட்காப் என்பவரும் அவருடைய சகாக்களும், மஜ்ஜையின் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளரச் செய்யும் ஒரு சத்தை 1977-ல் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். இரத்த உற்பத்திக்கு வேண்டிய சத்து என்று கருதி அதற்கு நீளமான பெயர் ஒன்றையும் வைத்தார்கள்; சுருக்கி ஜி. எம். ஸி. எஸ். எப். என்பார்கள். நாம் இன்னும் சுருக்கி ஜி. எம். சத்து என்போம். அதை எந்த அவயவத்திலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? சுண்டெலியின் நுரையீரலிலிருந்து! இரத்தம் ஊறவைக்கும் சத்து நுரையீரலில் எதற்காக இருக்கிறது என்று அப்போது விளங்கவில்லை.

பதினேழு வருஷம் கழித்து, 1994-ல், அமெரிக்காவில் ஒரு கூட்டத்தாரும் மெல்போர்னில் ஒரு கூட்டத்தாரும் இந்தச் சத்து அடியோடு இல்லாத சுண்டெலிகளைப் பிறக்கச் செய்தார்கள். இரத்தம் வற்றிப் போகும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். இரத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு குறையும் இல்லை. நுரையீரலைத் திறந்து பார்த்தபோதுதான் காற்றறைகளெல்லாம் பசையால் நிரம்பியிருக்கக் கண்டார்கள். பெருந்தீனி அணுக்கள் சரிவர உருவாகவில்லை. இருந்தவையும் விழுங்கினதைச் செரிக்க வகையில்லாமல் நுரைத்துப் போயிருந்தன. ஊறுகிற பசை ஊறிக்கொண்டே இருக்க, தின்று தீர்ப்பதற்கு ஆளில்லை.

இந்தப் படம் வைத்தியர்களுக்குப் புதியதன்று. 1958-ல் அமெரிக்க வைத்தியர் மூவர் 27 நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்து இதே போன்ற ஒரு வியாதியை வர்ணித்திருந்தார்கள். பத்து லட்சம் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வரக்கூடிய அபூர்வ வியாதி. நடுவயதுக்காரர் ஒருவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வரவர நாலடி நடந்தாலே வாங்குகிறது. ஜுரமில்லை, நெஞ்சு வலியில்லை. நாளடைவில் தன் நுரையீரலில் ஊறின பசையிலேயே மனிதர் மூழ்குகிறார். ஏன் என்று 41 வருஷம் தெரியவில்லை. 1999-ல் ஜப்பானிய வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்ப்பதற்காக உடல் உண்டாக்கும் எதிர்ப் பொருள், இவர்களுடைய உடலில் ஜி. எம். சத்தையே பகையென்று எண்ணி முறித்துவிடுகிறது. காவலரைக் கொன்றவர் யாருமில்லை. அவர்களுக்கு வரவேண்டிய படி அரிசி வழியிலேயே பறிபோய்விடுகிறது.

இதற்கு 1960-களில் தொடங்கிக் கையாளும் சிகிச்சை ஒன்று உண்டு. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, ஒரு நுரையீரலால் மூச்சு விடச் செய்து, மற்றதில் வெதுவெதுப்பான உப்பு நீரைவிட்டு வடிப்பார்கள். முதலில் பால் போல் வெளுத்து வரும் தண்ணீர், குடம் குடமாய் விட்டு வடித்த பிறகு, தெளிந்து வரும். நுரையீரலைச் சட்டி கழுவுவது போல் கழுவுகிற சிகிச்சை என்று இதைக் கேலி செய்யத் தோன்றும். செத்துப் பிழைத்தவர்கள் கேலி செய்யமாட்டார்கள். ஆனால் பசை மறுபடியும் சேரும், மறுபடியும் கழுவ வேண்டும். காரணம் தெரிந்த பிறகோ, ஜி. எம். சத்தையே பனித்துளி போலாக்கி மூச்சோடு உள்ளிழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் ஜப்பானிலும் 2020-ல் பல தேசங்களிலுமாக நடந்த சோதனைகளின் முடிவு வெளியாயிற்று. சத்தைச் சுவாசித்தவர்களின் இரத்தத்தில் பிராண வாயு சேருவது சற்று மேம்பட்டது. பட்டினி கிடந்த அணுக்களுக்குச் சோறு போட்டால் அவை வேலை செய்கின்றன!

சுண்டெலியின் கதை மனிதனுக்கும் பொருந்துமா என்று நேயர்கள் கேட்பது நியாயம். இரண்டு மனிதரைச் சேர்த்துத் தைத்துப் பார்க்க முடியாது. ஆனால் இறந்தவருடைய நுரையீரலை எடுத்து, நோயாளி ஒருவருக்குப் பொருத்தும் ரண சிகிச்சை இப்போது நடைபெறுகிறது. அங்கே பழங்குடிகள் தானம் கொடுத்தவருடையவர்கள், இரத்தம் பெற்றுக்கொண்டவருடையது. 2016-ல் நார்வே தேசத்தார் பார்த்தபோது, மூன்றரை வருஷத்துக்குப் பிறகும் கொடுத்தவருடைய பெருந்தீனி அணுக்கள் அங்கே இருந்தன. உரியவர் மாண்டு மூன்றரை வருஷம் ஆகியும், அவருடைய காவலர் பிறர் மார்புக்குள் காவல் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றால் மெய் சிலிர்க்கவில்லையா? ஆனால் 2020-ல் லண்டன் நகரத்தார் வேறு நோயாளிகளைப் பார்த்துவிட்டு, பெரும்பான்மையான அணுக்கள் பெற்றுக்கொண்டவருடைய இரத்தத்திலிருந்து வந்தவையே என்று எழுதினார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. மனிதன் சுண்டெலியைப் போல் இரண்டு வருஷம் வாழ்கிறவனல்ல; சுத்தமான கூண்டில் வாழ்கிறவனுமல்ல. எழுபது வருஷம் புகையும் சளியும் ஜுரமும் பட்டு வருகிற நுரையீரலில், பழங்குடிகளிடையே வந்தேறிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டு வருவார்கள் என்பதே நமது ஊகம்.

வந்தேறிகள் மொத்தமாக வருகிற சமயமும் உண்டு. இன்புளுயென்ஸா ஜுரம் சுண்டெலிகளைத் தாக்கும்போது, சில ரகங்களில் முதல் வாரத்துக்குள்ளேயே காற்றறைக் காவலரில் பெரும்பகுதி மாண்டுபோகிறது. அந்தச் சமயம் பார்த்து நிமோனியாக் கிருமி வந்தால் எதிர்ப்பார் இல்லை. 1918-ல் உலகத்தை வாரிக்கொண்டு போன அந்த விஷ ஜுரத்தை நம் தேசம் மறக்க முடியாது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அக்காலத்தில் இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் துண்டுகளையும் பழைய குறிப்புகளையும் 2008-ல் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது ஜுரத்தின் பின்னாலேயே நுழைந்த நிமோனியாக் கிருமிதான் என்று தெரிந்தது. வாசற்கதவை உடைத்தவன் ஒருவன். வீட்டைக் கொள்ளையடித்தவன் வேறொருவன்.

பிழைத்த சுண்டெலியில், காலியான அறைகளுக்கு மஜ்ஜையிலிருந்து வெள்ளை அணுக்கள் வந்து குடியேறுகின்றன. இவர்கள் பழங்குடிகளைப் போல் அடக்கமானவர்களல்ல. ஊருக்குப் புதிது, சுடுசுடுப்பான சுபாவம், சிறு சந்தடிக்கும் கூச்சல் போட்டு ஆட்களைக் கூட்டிவிடுவார்கள். அதனால் ஒரு நன்மை உண்டு. ஜுரம் வந்து ஒரு மாதத்துக்குப் பின் நிமோனியாக் கிருமியைச் செலுத்திப் பார்த்தபோது, ஜுரமே காணாத எலிகளைவிட இவை நன்றாக எதிர்த்தன என்று 2020-ல் லண்டனில் கண்டார்கள். இரண்டு மாதம் ஆனதும் புதியவர்களும் ஊரோடு ஒத்து அடங்கிப் போனார்கள். அந்த வேகமும் போயிற்று. கெடுதலும் உண்டு. அதே 2020-ல், கோவிட் நோய் பரவின காலத்தில், சீனாவில் ஷென்ஜென் நகரத்து வைத்தியர்கள் நோய் முற்றியவர்களின் நுரையீரலைக் கழுவிப் பார்த்தார்கள். பழைய அடக்கமான காவலர் அருகிப் போய், இரத்தத்திலிருந்து புதிதாக வந்த ஆர்ப்பாட்டக்காரர்களே நிறைந்திருந்தார்கள். கிருமியைவிட இந்த ஆர்ப்பாட்டமே பலருக்கு எமனாயிற்று என்பது பல வைத்தியர்களின் அபிப்பிராயம்.

எண்ணிக்கை குறைந்தால்தான் ஆபத்து, கூடினால் க்ஷேமம் என்றும் நினைத்துவிடலாகாது. சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பவர்களின் நுரையீரலில் பெருந்தீனி அணுக்கள் பிடிக்காதவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எல்லாம் புகைக்கரியை விழுங்கிப் பழுப்பேறிக் கிடப்பவை. நம் சுருட்டுக்கார நண்பர்கள் இதை ஒரு பெருமையாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பார்களாக! புகை பிடிக்காத குழந்தைகளின் கதி என்ன என்பதையும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஆரோக்கியமான பிள்ளைகளை இருமச் சொல்லி, வந்த சளியிலுள்ள பெருந்தீனி அணுக்களைப் பூதக்கண்ணாடியில் வைத்து, ஒவ்வொன்றின் வயிற்றிலும் எவ்வளவு கரி இருக்கிறது என்று அளந்தார்கள். கரி அதிகமாயிருந்த பிள்ளைகளின் மூச்சு பலம் குறைந்திருந்ததாக 2006-ல் வெளியிட்டார்கள். அந்தக் கரி தெருவில் ஓடும் மோட்டார் வண்டிகளின் புகையிலிருந்து வந்தது. புகைபோக்கி இல்லாத அடுக்களையில் விறகடுப்பின் முன் குனிந்து ஊதுகிற தாய்மார்களின் மார்பிலும், மடியிலிருக்கும் குழந்தையின் மார்பிலும் இவ்விதமே கரி சேருகிறது.

கரியையாவது விழுங்கி வைத்துக்கொண்டு அணு உயிரோடு இருக்கலாம். கல்தூள் அப்படியல்ல. கோலார் தங்க வயலில், பூமிக்கடியில், நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்தார்கள். அந்தப் பாறைத் தூளிலுள்ள ஸிலிக்காவைக் காற்றறைக் காவலன் வழக்கம் போல் விழுங்குகிறான். செரிக்கவில்லை. தூள் அவனுடைய வயிற்றைக் கிழித்துவிடுகிறது. அவன் சாகிறான், தூள் வெளியே வருகிறது. பக்கத்திலிருப்பவன் பிறப்பித்த பிள்ளையோ, இரத்தத்திலிருந்து வந்த புதியவனோ, காலியான இடத்துக்கு வந்ததும் முதல் காரியமாக அதே தூளை விழுங்குகிறான். அவனும் சாகிறான். ஒவ்வொரு சாவிலும் வெளிப்படும் நஞ்சினால் சுற்றிலும் உள்ள மெல்லிய சுவர் தடித்து வடுவாகிக் காற்றுப் புகாத கட்டியாகிறது. குறைந்த இடத்தை உடனுக்குடன் நிரப்பிக்கொள்ளும் அந்த அருமையான ஏற்பாடே இங்கே நோயை வளர்க்கும் ஏற்பாடாகிவிடுகிறது. 1940-களில் அந்தச் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்த போது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்த வியாதி இருக்கக் கண்டார்கள். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி நல்ல காற்றைச் சுவாசித்தவர்களுக்கும் இந்நோய் நிற்காமல் வளரக் கூடியது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. விழுங்கினவன் மாண்டாலும், அவன் பேரன் மாண்டாலும், கல்தூள் கரைவதில்லை.